தேதியைத் தவறவிட்டவர்கள் அவர்கள் அல்லர்

"ஆறு மாசத்துக்கு முன்னாடியே அப்ளை பண்ணியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ வேலை நின்றுபோனது என்ற செய்தி வந்ததும் முதலில் கிளம்பும் கேள்வி இதுதான். ஹைதராபாத்தில் கூகட்பள்ளியிலும் மியாப்பூரிலும் இதைத் தெலுங்கில் கேட்பார்கள். சென்னை மடிப்பாக்கத்திலும் கோவை வடவள்ளியிலும் தமிழில் கேட்பார்கள். கேள்வி போலத் தோன்றினாலும் அது தீர்ப்பு. காலக்கெடு தெரிந்திருந்தும் அலட்சியமாக இருந்துவிட்டாள் என்பதே அதன் பொருள்.

தீர்ப்பைச் சொல்பவர்கள் உறவினர்கள் மட்டும் அல்லர். விசா ஆலோசகர்கள் சொல்கிறார்கள். நிறுவனங்களின் மனிதவளப் பிரிவினர் சொல்கிறார்கள். அமெரிக்கக் குடியேற்றச் சேவைத் துறையும் இதையே சொல்கிறது: காலாவதித் தேதிக்கு 180 நாள் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம், தாமதித்தால் இடைவெளி வரும் அபாயம் கூடும். இத்தனை பேர் ஒரே குரலில் சொல்வதால் அது உண்மை என்றே நிலைத்துவிட்டது.

அது உண்மை இல்லை. முன்கூட்டியே விண்ணப்பிப்பது அவசியம் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. அப்படி விண்ணப்பித்தால் வேலையில் இடைவெளி வராது என்பதுதான் தவறு. இன்றைய விதிகளின்படி, எல்லாவற்றையும் சரியாகச் செய்த பெண்ணுக்கும் இடைவெளி வரலாம். அதைவிட முக்கியமான விஷயம், 2025 அக்டோபரில் பறிக்கப்பட்ட பாதுகாப்பு, எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களுக்கு மட்டுமே இருந்த பாதுகாப்பு.

எச்-1பி விசாவில் அமெரிக்காவில் வேலை செய்பவரின் கணவனுக்கோ மனைவிக்கோ கிடைப்பது எச்-4. அதை வைத்துக்கொண்டு அங்கே வசிக்கலாம், படிக்கலாம். வேலை செய்ய முடியாது. ஒபாமா ஆட்சியில், 2015 பிப்ரவரி 25 அன்று வெளியாகி மே 26 அன்று நடைமுறைக்கு வந்த விதி இதில் ஒரு கதவைத் திறந்தது. எச்-1பி வைத்திருப்பவரின் கிரீன் கார்டு மனு முதற்கட்ட ஒப்புதல் பெற்றிருந்தாலோ, அந்த நடைமுறையின் பேரில் அவருடைய விசா ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருந்தாலோ, துணைவர் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஈ.ஏ.டி என்று எல்லோரும் சொல்லும் அட்டை இதுதான். 2017 டிசம்பர் வரை முதல்முறை விண்ணப்பங்கள் மட்டும் 90,946 ஏற்கப்பட்டன. அட்டை பெற்றவர்களில் நூற்றுக்கு 93 பேர் பெண்கள். நூற்றுக்கு 93 பேர் இந்தியாவில் பிறந்தவர்கள்.

இந்தியர்கள் இவ்வளவு பேர் இருப்பதற்குக் காரணம் உண்டு. வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டுகள் என்பது சட்டம். அதில் எந்த ஒரு நாட்டவருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதும் சட்டம். முதுகலைப் பட்டதாரிகளுக்கான இந்திய வரிசை 2025 அக்டோபரில் 2013-ஆம் ஆண்டு விண்ணப்பங்களில் நின்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வரிசையில் நின்றவருக்கு அப்போதுதான் முறை வந்தது. அதுவரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கணவரின் விசா, மனைவியின் விசா, மனைவியின் வேலை அனுமதி என்று மூன்றையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே குடும்பம் இதை நான்கு, ஐந்து முறை செய்யும்.

இனி அந்த ஆறு மாதக் கணக்கைப் பார்க்கலாம்.

மனைவியின் வேலை அனுமதி, பெரும்பாலும் அவருடைய எச்-4 முடியும் அதே நாளில் முடிகிறது. எச்-4 முடியும் நாள், கணவரின் எச்-1பி முடியும் நாள். ஆகவே ஈ.ஏ.டியைப் புதுப்பிக்க எச்-4 நீள வேண்டும். எச்-4 நீள எச்-1பி நீள வேண்டும். ரயிலின் கடைசிப் பெட்டியில் இருப்பவர் அவர்; எஞ்சின் நகராமல் அவருடைய பெட்டி நகராது. எச்-1பி நீட்டிப்பு மனுவைத் தாக்கல் செய்யும் உரிமை மனைவிக்கும் இல்லை, கணவருக்கும் இல்லை. கணவரின் நிறுவனத்துக்கே உண்டு. நிறுவனம் ஆறு மாதம் முன்பு தாக்கல் செய்யலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. செய்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. வழக்கறிஞர் ஆவணம் கேட்பார், மேலாளர் வேலை விவரக் கடிதம் எழுத வேண்டும், தொழிலாளர் துறையின் சான்றுக்கு ஏழு வேலைநாள் ஆகும். மூன்று மாதம் இருக்கும்போது மனு போனால் நிறுவனத்துக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. எச்-1பி மனு உரிய காலத்தில் போய்விட்டால், பழைய தேதி முடிந்த பிறகும் 240 நாள் வரை அதே நிறுவனத்தில் கணவர் வேலையில் தொடரலாம். மனைவிக்கு அப்படி ஒரு நாள்கூடக் கிடையாது.

வேகத்திலும் இதே பாகுபாடுதான். கூடுதல் கட்டணம் கட்டினால் எச்-1பி மனுவுக்கு 15 வேலைநாளில் பதில் வரும். எச்-4 நீட்டிப்புக்கும் அதன் பேரிலான ஈ.ஏ.டிக்கும் அந்த விரைவுச் சேவை இல்லை. எவ்வளவு பணம் கொடுத்தாலும் இல்லை. விண்ணப்பிப்பவருக்கு 180 நாளுக்கு முன்னால் போகக் கூடாது என்ற எல்லை இருக்கிறது. முடிவு சொல்ல வேண்டிய அலுவலகத்துக்கு எந்த எல்லையும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் கட்டப்பட்ட இந்தக் கணக்கில் இடைவெளி விழுந்தால் அதற்கு விண்ணப்பித்தவரின் கவனக்குறைவு என்று பெயர் வைப்பது எப்படி நியாயம்?

அலுவலகத்துக்கும் ஒரு காலத்தில் எல்லை இருந்தது. வேலை அனுமதி விண்ணப்பத்தில் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இடைக்கால அட்டை கொடுக்க வேண்டும் என்று பழைய விதி பொதுவாகச் சொன்னது. 2017 ஜனவரி 17 அன்று அது நீக்கப்பட்டது. ஈடாகச் சில பிரிவினருக்கு, உரிய நேரத்தில் புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தால் பழைய அட்டை தானாகவே 180 நாள் நீளும் என்ற ஏற்பாடு வந்தது. அந்தப் பட்டியலில் எச்-4 இல்லை. பழைய பாதுகாப்பு போனது, புதியது வரவில்லை. 2019 மார்ச்சில் எச்-4 நீட்டிப்புக்கும் கைரேகைப் பதிவு கட்டாயம் ஆனது. அதற்கு முன் கணவரின் மனுவோடு சேர்ந்தே சில வாரங்களில் முடிந்துகொண்டிருந்த கோப்புகள் மாதக்கணக்கில் தேங்கின. பெருந்தொற்று வந்து கைரேகை மையங்கள் மூடியபோது அவை அப்படியே கிடந்தன.

2020-இல் ஒஹாயோ மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்த சுப்பிரமணியா வழக்கு, 'அலட்சியம்' என்ற குற்றச்சாட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு நல்ல சான்று. வழக்குத் தொடுத்தவர் எச்-4 அனுமதியில் வேலை பார்த்துவந்த பெண். விண்ணப்பம் போட்டார். ஏப்ரலில் ஒப்புதலும் வந்துவிட்டது. வராதது அட்டை மட்டுமே. அட்டை அச்சிடும் ஒப்பந்தத்தைக் குடியேற்றச் சேவைத் துறை முடித்துக்கொண்டு, அச்சுப் பணியையும் குறைத்திருந்தது. ஏறத்தாழ 75,000 வேலை அனுமதி அட்டைகள் ஒப்புதல் ஆகியும் அச்சாகாமல் கிடந்தன. கையில் அட்டை இல்லாததால் ஒப்புதல் பெற்ற ஒருவர் வேலையில் தொடர முடியவில்லை. நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகே, அட்டை வரும் வரை ஒப்புதல் கடிதத்தையே சான்றாக ஏற்கலாம் என்று துறை இறங்கிவந்தது. இதில் அவர் ஆறு மாதம் முன்பு விண்ணப்பித்திருந்தாலும், ஆறு வருடம் முன்பு விண்ணப்பித்திருந்தாலும் அச்சு இயந்திரம் ஓடியிருக்காது.

அதன் பிறகு கிடைத்த நிவாரணங்களும் வழக்காடிப் பெற்றவையே. ஷெர்கில் வழக்கில் 2021 நவம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டால், எச்-4 துணைவர்களின் அட்டையும் தானாக 180 நாள் நீளும் என்று ஆனது. பிறகு அது 540 நாளாக உயர்ந்தது. 2025 ஜனவரி 13 முதல் நிரந்தர விதியும் ஆனது. எடக்குன்னி வழக்கில் 2023 ஜனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, எச்-1பி, எச்-4, ஈ.ஏ.டி மூன்றையும் சேர்த்துத் தாக்கல் செய்தால் மூன்றுக்கும் ஒருசேர முடிவு சொல்லத் துறை ஒப்புக்கொண்டது. கணவரின் மனுவுக்கு விரைவுக் கட்டணம் கட்டினால் மனைவியின் கோப்பும் கூடவே நகர்ந்தது. அந்த உடன்பாட்டின் ஆயுள் இரண்டு ஆண்டு. 2025 ஜனவரி 18 அன்று அது முடிந்தது. கடமை தீர்ந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நல்ல செய்தி ஒன்று வந்தது. எச்-4 வேலை அனுமதியே செல்லாது என்று அமெரிக்கத் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களின் அமைப்பு ஒன்று 2015 முதல் நடத்திவந்த வழக்கை விசாரணைக்கு ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பத்து ஆண்டு அச்சம் ஓய்ந்தது என்று குடும்பங்கள் மூச்சுவிட்டன. பதினாறே நாளில், அக்டோபர் 30 முதல் தாக்கலாகும் புதுப்பித்தல் விண்ணப்பங்களுக்குத் தானியங்கி நீட்டிப்பு இல்லை என்ற விதி வந்தது. 90 நாள் எல்லைக்கு ஈடாக உருவான ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். அந்த 90 நாளைத் திருப்பித் தரவில்லை.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். தானியங்கி நீட்டிப்பு யாருக்குக் கிடைத்தது? அட்டை காலாவதி ஆவதற்கு முன் விண்ணப்பித்தவருக்கு மட்டுமே. எச்-4 துணைவருக்கோ இன்னொரு நிபந்தனையும் இருந்தது: அவருடைய எச்-4 தங்கும் தேதி அப்போதும் உயிரோடு இருக்க வேண்டும். அதாவது, தங்கும் உரிமையை முன்பே நீட்டித்துக்கொண்டு, வேலை அனுமதிக்கும் உரிய நேரத்தில் விண்ணப்பித்துவிட்டு, அலுவலகத்தின் பதிலுக்காக மட்டும் காத்திருந்தவருக்கே அது பயன்பட்டது. தேதியை மறந்தவருக்கு அது ஒருநாளும் கிடைத்ததில்லை. ஆகவே அதை ரத்து செய்ததால் அலட்சியக்காரர் எவரும் எதையும் இழக்கவில்லை. இழந்தவர்கள் முழுக்க முழுக்க ஒழுங்காக நடந்துகொண்டவர்கள். 'ஆறு மாதம் முன்பே போட்டிருந்தால்' என்று இன்றும் சொல்பவர்கள் இந்த ஒரு உண்மைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ரத்துக்குத் துறை சொன்ன காரணம் பாதுகாப்பு. விண்ணப்பித்தவரின் பின்னணியை மறுபடி சோதித்த பிறகே வேலை அனுமதி நீள வேண்டும், விண்ணப்பதாரரின் வசதியைவிட நாட்டின் பாதுகாப்பு முக்கியம் என்றது. சோதிக்கட்டும், அதற்கு எந்தக் குடும்பமும் எதிர்ப்பு இல்லை. ஆனால் சோதனை நடக்கும் அந்த மாதங்களில் அந்தப் பெண் எங்கே இருக்கிறார்? அதே ஊரில், அதே வீட்டில், சட்டப்படியே இருக்கிறார். கடைக்குப் போகிறார், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார். அவர் செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: சம்பளத்துக்கு வேலை. வரி கட்டி, ஒவ்வொரு மணி நேரமும் பதிவாகும் ஓர் அலுவலகத்தில் இருக்கும் பெண்ணை வீட்டில் உட்காரவைத்தால் நாட்டின் பாதுகாப்பு எப்படிக் கூடும் என்பதற்கு அந்த விதியில் நம்பும்படியான விளக்கம் இல்லை.

வேலை செய்வது சலுகைதான், உரிமை அல்ல என்று அதே சமயம் துறையின் இயக்குநர் ஜோசப் எட்லோ நினைவூட்டினார். சலுகை என்றே வைத்துக்கொள்வோம். சலுகை கொடுப்பவர் அதை எப்போது கொடுப்பார் என்று சொல்லவும் கடமைப்பட்டவர். கட்டணம் வாங்கிக்கொண்டு, தேதி சொல்லாமல் காக்கவைப்பதற்குச் சலுகை என்ற சொல் மறைப்பு ஆகாது.

"சில மாசம்தானே, கணவர் சம்பாதிக்கிறாரே" என்பது அடுத்த வாதம். இதைச் சொல்பவர்கள் அட்டை காலாவதியாகும் நாளில் நடப்பதை நெருங்கிப் பார்த்ததில்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதி இல்லாதவர் என்று தெரிந்தும் வேலையில் வைத்திருந்தால் நிறுவனத்துக்கு அபராதம். எனவே ஒவ்வோர் ஊழியருக்கும் நிரப்பி வைத்திருக்கும் ஐ-9 படிவத்தில் அட்டையின் கடைசித் தேதி குறிக்கப்பட்டிருக்கும்; அந்தத் தேதிக்குள் புது அட்டையைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மறுநாள் காலை மடிக்கணினியில் கடவுச்சொல் வேலை செய்யாது. மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு மின்னஞ்சலுக்குக்கூட அவரைப் பதில் எழுதச் சொல்ல முடியாது. சில நிறுவனங்கள் சம்பளமில்லா விடுப்பு தரும். பல நிறுவனங்கள் பணியிலிருந்தே விடுவித்துவிடும். மருத்துவக் காப்பீடு அவர் பேரில் இருந்தால் அதற்கும் ஆபத்து. பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமத்தின் ஆயுளும் தங்கும் தேதியோடு கட்டப்பட்டிருப்பதால், எச்-4 நீட்டிப்பு தாமதித்தால் காரையும் எடுக்க முடியாது. கார் இல்லாத அமெரிக்கப் புறநகரில் இது வீட்டுக் காவலுக்குச் சமம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இப்படி வந்தால், எந்த நிறுவனம் அவரை நம்பி ஒரு குழுவின் பொறுப்பைக் கொடுக்கும்?

கணவரின் விசாவின் மீதான இந்தச் சார்பு எவ்வளவு மெல்லியது என்பதை ஹைதராபாத் 2017-இல் பார்த்தது. கார்மின் நிறுவனப் பொறியாளர் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா அந்த ஆண்டு பிப்ரவரி 22 அன்று கான்சாஸ் மாநிலம் ஒலேத்தியில் இனவெறியன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். கணவரின் உடலோடு ஹைதராபாத் வந்த சுனயனா துமாலாவுக்கு, அந்தத் துக்கத்தின் நடுவிலேயே இன்னொன்றும் புரிந்தது: கணவர் இல்லை என்றால் எச்-4 இல்லை, அமெரிக்காவில் அவருக்கு இடமும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர் கெவின் யோடர் தலையிட்ட பிறகே அவர் திரும்பிப்போய் வேலையைத் தொடர முடிந்தது. அவர் எந்தத் தேதியைத் தவறவிட்டார்? ஒரு பெண்ணின் உழைக்கும் உரிமையை இன்னொருவரின் தாளில் அடிக்குறிப்பாக எழுதிவைத்தால் வரும் விளைவின் கொடிய வடிவம் அது. புதுப்பித்தல் இடைவெளி அதே அமைப்பின் அன்றாட வடிவம்.

இடைவெளியைத் தவிர்க்கக் குடும்பங்கள் கண்டுபிடித்த குறுக்குவழி ஒன்று ஹைதராபாத் வழியாகவே போனது. எச்-1பி நீட்டிப்பு விரைவுச் சேவையில் கிடைத்ததும் ஊருக்கு வந்து, நானக்ராம்குடாவில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எச்-4 முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினால், விமான நிலையத்திலேயே புதிய தங்கும் தேதி கிடைத்துவிடும். எச்-4 கோப்புக்காகக் காத்திருக்க வேண்டாம், ஈ.ஏ.டி மட்டும் மிச்சம். ஒஸ்மான் சாகர் ஏரிக்கரையில் சில்கூர் பாலாஜி கோயிலை விசாவுக்காக 11 சுற்று சுற்றி, கிடைத்ததும் வந்து 108 சுற்று சுற்றுகிறவர்களில் இப்படி வந்தவர்களும் உண்டு. இப்போது அந்த வழியும் முள்ளாகிவிட்டது. 2025 செப்டம்பர் 2 முதல் பெரும்பாலானோருக்கு நேர்காணல் கட்டாயம். டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைத்தளக் கணக்குகளையும் ஆராயத் தொடங்கினார்கள். இந்தியாவில் அந்த மாதத்துக்குக் கொடுத்திருந்த நேர்காணல் தேதிகள் பல 2026 மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப்போயின. இரண்டு வார விடுப்பில் வந்தவர்கள் மாதக்கணக்கில் சிக்கினார்கள். தேதிக்கு முன்பே விழித்துக்கொண்டு விமானம் ஏறியவர்கள் அவர்கள்.

"அப்படியானால் இங்கேயே வந்துவிடலாமே, ஹைதராபாத்தில் இல்லாத வேலையா?" என்று சிலர் கேட்கிறார்கள். வேலை இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 1998 முதல் இங்கே இருக்கிறது. அமேசான் 2019-இல் தன் மிகப் பெரிய வளாகங்களில் ஒன்றை இங்கேதான் திறந்தது. விரும்பித் திரும்புகிறவர்களை இந்த நகரம் நன்றாகவே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அங்கே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும், பன்னிரண்டு ஆண்டு வரிசையில் பாதி தூரம் வந்துவிட்ட கணவரும் இருக்கும்போது, ஓர் அட்டை தாமதமானதற்காகக் குடும்பத்தையே பெயர்த்து வா என்பது அந்த இடைவெளிக்குத் தீர்வு ஆகாது.

தீர்வு அமெரிக்கச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. நிறுவன மாற்றல் விசாவான எல்-1 வைத்திருப்பவரின் துணைவருக்கு, அதே ஷெர்கில் உடன்பாட்டின் விளைவாக, தனி அட்டையே வேண்டாம் என்று ஆனது. நுழைவுப் பதிவில் எல்-2எஸ் என்று இருந்தால் போதும், அதையே காட்டி வேலை செய்யலாம். ஹைதராபாத்திலிருந்து ஒரே விமானத்தில் போகும் இரண்டு பெண்களில் ஒருவர் எல்-2, இன்னொருவர் எச்-4 என்றால், முதலாமவருக்கு வேலை அனுமதி தங்கும் உரிமையோடு ஒட்டியே வருகிறது. இரண்டாமவர் அதற்குத் தனி வரிசையில் நிற்கிறார். எல்-2 துணைவர்களால் அமெரிக்காவின் பாதுகாப்பு குலைந்துவிடவில்லை. பிரிட்டனில் திறன் பணியாளர் விசாவில் இருப்பவரின் துணைவர் காலாவதிக்கு முன் நீட்டிப்புக் கேட்டால், முடிவு வரும் வரை பழைய உரிமைகள் தொடரும் என்று 1971-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமே சொல்கிறது. கனடா, துணைவர்களுக்கான திறந்த அனுமதியை 2025 ஜனவரியில் கடுமையாகச் சுருக்கியது. அங்கேகூட, உரிய நேரத்தில் புதுப்பிக்க விண்ணப்பித்தவர் பதில் வரும் வரை வேலையில் தொடரலாம். தாமதம் அரசுடையது என்றால் அதன் சுமையும் அரசுடையது என்று இந்த நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

வாஷிங்டன் மாறும் வரை குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. மூன்று மனுக்களையும் ஒரே கட்டாகத் தாக்கல் செய்யுமாறு நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். கட்டாயம் இல்லாவிட்டாலும் சேர்ந்து போகும் கோப்பு சேர்ந்து நகர வாய்ப்பு உண்டு. எச்-4 நீட்டிப்பு நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. பணிநீக்கத்துக்குப் பதில் சம்பளமில்லா விடுப்பு தருவார்களா என்பதை, தேதி நெருங்கும் முன்பே மனைவியின் நிறுவனத்தோடு பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அட்டை இல்லாத நாட்களில் அமெரிக்காவில் இருந்தபடி ஒரு மணி நேரமும் வேலை செய்யக் கூடாது. அந்தப் பதிவு பின்னால் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் வந்து நிற்கும்.

ஆனால் மிகப் பெரிய பொறுப்பு நிறுவனங்களுடையது. அவற்றில் பல ஹைதராபாத்தின் கச்சிபௌலியிலும் மாதாப்பூரிலும் அலுவலகம் வைத்திருப்பவை. எச்-1பி நீட்டிப்பு மனு எந்த நாளில் போகிறது என்பதை முடிவு செய்பவர்கள் அவர்களே. துணைவருக்கு ஈ.ஏ.டி இருக்கும் ஒவ்வோர் ஊழியரின் மனுவையும் 180-ஆவது நாளிலேயே தாக்கல் செய்வது என்று ஒரு நிறுவனம் விதி வகுத்துக்கொண்டால், அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், புதிய செலவும் இல்லை. ஆவண வேலையை இரண்டு, மூன்று மாதம் முன்னால் தொடங்கினால் போதும். 'ஏன் முன்பே விண்ணப்பிக்கவில்லை' என்ற கேள்வியை உறவினர்கள் இனி இந்த நிறுவனங்களின் விசாப் பிரிவிடம் கேட்கட்டும்: எங்கள் மகனின் மனுவை எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், அதற்கு எத்தனை நாள் முன்பே அனுப்பியிருக்க முடியும்?